புல் வெட்டும் வண்டி நின்று நின்று போகிறதா?



உங்கள் வீட்டில் யாராவது புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறார்களா? அண்ணனோ, கணவரோ, மகனோ, அல்லது நீங்களே ஓட்டுகிறீர்களா? அப்படியானால் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டுங்கள்.

ஒரு காலத்தில் நம்மவர் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் மூடப்பட்டன. பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவர்களில் எத்தனையோ பேர் கோல்ஃப் திடலிலும், பள்ளித் திடலிலும், வீடமைப்புப் பகுதிப் பூங்காக்களிலும் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார்கள். தோட்டத்தில் தங்கிவிட்டவர்களுக்கும் மானேஜர் பங்களாப் புல்தரையும், பந்துத் திடலும் இருக்கவே இருக்கின்றன. ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி இன்று நம்மவர் பலருக்குச் சோறு போடும் வண்டி.

அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால்? நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

"என்ன தம்பி, மறுபடியும் நின்னுடுச்சா?"

"ஆமாங்கண்ணே. காலையிலிருந்து நாலு தடவை."

"நேத்து வேற ஆள் ஓட்டினப்ப நல்லாத்தானே ஓடுச்சு? நீ என்ன பண்ணுனே?"

பழி ஓட்டுகிறவர் தலையில்! வேலையும் கெட்டு, பெயரும் கெட்டுப் போகிறது. அந்த அவசரத்தில் யாராவது ஒருவர் வந்து, "இந்த வயரை வெட்டி அந்த வயரோடு முறுக்கிவிடு, நிக்கவே நிக்காது" என்று யோசனை சொல்வார். அந்த யோசனையைக் கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் வண்டி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம்.

இயந்திரத்துக்கு என்ன வேண்டும்?

அடுப்பு எரிய விறகும், காற்றும், நெருப்பும் வேண்டும். இயந்திரத்துக்கும் அவ்வளவுதான். விறகுக்குப் பதில் பெட்ரோல். நெருப்புக்குப் பதில் பிளக் கொடுக்கும் தீப்பொறி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு அணைந்துவிடும்.

ஆனால் இந்த வண்டியில் நான்காவதாக ஒரு காவலாளியும் உண்டு. தோட்டத்து வாசலில் ஜாகா இருப்பதுபோல, வண்டிக்குள்ளும் சில சிறிய சுவிட்சுகள் இருக்கின்றன. ஆள் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாரா? பிரேக் மிதித்திருக்கிறதா? கத்தி சுழல்கிறதா? இவற்றையெல்லாம் அவை பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது முறை தவறினால் தீப்பொறியை நிறுத்திவிடும். அப்போது வண்டி நிற்பது பழுதினால் அல்ல. காவல்!

ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் நிற்கிறது?" என்பதல்ல. "எப்போது நிற்கிறது?" என்பதே. அதற்குச் சரியான பதில் தெரிந்தால் பாதிப் பழுது கண்டுபிடித்தாயிற்று.

கை வைக்கும் முன்

எதைத் தொடுவதற்கு முன்னும் இவற்றைச் செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். கத்தியை ஓட்டும் விசையை அணையுங்கள். கை பிரேக் போடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். சூடு ஆறட்டும். அருகில் சுருட்டு, சிகரெட், எதுவும் கூடாது.

கத்தியைக் கையால் திருப்பினாலே சில நேரம் இயந்திரம் உயிர் பெற்றுவிடும். பிளக் வயரைக் கழற்றச் சொல்வது அதனால்தான்.

கிளம்பிய உடனே நிற்கிறதா?

காலையில் கிளப்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் என்றும் கெடாத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கிடந்தாலே அது பழசாகத் தொடங்கும். மேலும் கிடந்தால் பிசின் போலப் படிந்து, கார்புரேட்டரின் ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாதி காலியான டாங்கியில் ஈரம் வியர்த்துத் தண்ணீராக அடியில் தங்குவதும் உண்டு.

கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கிறதா? நிறம் கறுத்து, புளித்த வாடை அடிக்கிறதா? அப்படியானால் அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றுங்கள். வடிகட்டியின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது இயந்திரத்தின் பக்கம் பார்க்கவேண்டும்.

தோட்டத்து ஸ்டோர்களில் நடக்கும் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முதுகில் மாட்டி வெட்டும் புல்வெட்டிகள் பெரும்பாலும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற இயந்திரங்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கோ பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. இரண்டு கலன்களும் ஒரே மூலையில் இருந்தால் கை மாறிப்போகும். எண்ணெய் கலந்த பெட்ரோலை வண்டிக்கு ஊற்றினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும், வண்டி திணறி நிற்கும். வெறும் பெட்ரோலை முதுகு இயந்திரத்துக்கு ஊற்றினால் அதைவிட மோசம். எண்ணெய் இல்லாமல் அதன் பிஸ்டன் இறுகிப்போகும். ஒரு கலனுக்குச் சிவப்புச் சாயம், இன்னொன்றுக்கு நீலச் சாயம் அடித்து வையுங்கள். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து எடுப்பார்.

"சோக்" விசையையும் கவனியுங்கள். குளிர்ந்த இயந்திரத்துக்கு அது வேண்டும். சூடேறிய பிறகும் அதைத் தள்ளாமல் விட்டால் பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகை விட்டு நிற்கும்.

கால் மணி நேரம் ஓடிவிட்டு நிற்கிறதா?

நன்றாகக் கிளம்பி, பதினைந்து இருபது நிமிடம் ஓடி, திடீரென்று நிற்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடும். எல்லாரையும் பைத்தியமாக்கும் பழுது இது! இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பெட்ரோல் டாங்கியின் மூடி. அதில் காற்றுப் போக ஒரு சின்ன வழி இருக்கும். புல் தூசியும் மண்ணும் அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுங்காக இறங்குமா? இறங்காது. இரண்டாவது ஓட்டை போட்டால்தானே இறங்கும்? அதே சங்கதிதான். வண்டி நின்றதும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மறுபடி இறுக்கி மூடியதும் வண்டி உடனே கிளம்பினால் குற்றவாளி மூடிதான். மூடியைச் சுத்தம் செய்யுங்கள். சரிப்படவில்லையா? புது மூடி வாங்குங்கள். மூடியைத் திறந்துபோட்டபடி மட்டும் ஓட்டாதீர்கள். பெட்ரோல் தெறித்துச் சூடான இயந்திரத்தின் மேல் விழலாம்.

இரண்டாவது, தீப்பொறி தரும் காயில். சூடேறினால் சில காயில்கள் வேலை நிறுத்தம் செய்துவிடும். ஆறியதும் வேலைக்கு வரும். மூடியைத் தளர்த்தியும் கிளம்பாமல், அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகே கிளம்பினால் காயிலைச் சந்தேகப்படலாம். நின்ற உடனே தீப்பொறி வருகிறதா என்று பார்த்தால் உறுதியாகும். பிளக் வயரில் மாட்டிப் பார்க்கும் சிறிய சோதனை விளக்கு கடைகளில் கிடைக்கிறது. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடித்துவிடும்.

இவற்றோடு சூட்டையும் பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றுதான் இயந்திரத்தைக் குளிரவைக்கிறது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் அடைத்துக்கொண்டால், நம் நாட்டு வெயிலில் இயந்திரம் வெந்துபோகும். மூடுதகட்டைக் கழற்றி அந்தப் புல்லை எடுத்துவிடுங்கள். எண்ணெய் அளவுகோலையும் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் ஆபத்து. அளவுக்கு மேல் ஊற்றினாலும் தொல்லை.

கத்தியைப் போட்டதும் நிற்கிறதா?

வண்டி சும்மா ஓடுகிறது. கத்தியைப் போட்டதும் முக்கி முனகி நிற்கிறது. அப்படியானால் சுமை தாங்கவில்லை. வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஈரப்புல் களிபோல அப்பிக் கிடக்கும். கத்தி மழுங்கியிருக்கும். அல்லது கத்தியைத் தாங்கும் பேரிங் இறுகியிருக்கும். லாலான் முழங்கால் உயரம் வளர்ந்த இடத்தில் ஒரே வெட்டில் தரைமட்டம் ஆக்கப் பார்த்தால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும். முதலில் உயரமாக ஒரு வெட்டு. பிறகு தாழ்வாக ஒரு வெட்டு. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காமல் இருப்பது புல்லுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

வெட்டும்போது இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்து, வண்டியை மெதுவாக நகர்த்துங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி இயந்திர வேகத்தைக் குறைத்தால், கத்தியும் சுற்றாது, குளிர்விக்கும் காற்றும் போதாது.

காற்று வடிகட்டியும் இதே தொல்லையைக் கொடுக்கும். மூச்சுத் திணறுகிற ஆள் மூட்டை தூக்க முடியுமா? நுரைப்பஞ்சு வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து நன்றாக உலர்த்தலாம். காகித வடிகட்டியைத் தண்ணீரில் போடாதீர்கள். தட்டிப் பார்த்து அழுக்குப் போகவில்லை என்றால் புதிது மாட்டுங்கள்.

முக்கி முனகாமல், விளக்கை அணைத்ததுபோல "பட்"டென்று நின்றால் அது சுமை அல்ல. மின்சாரம் அறுந்திருக்கிறது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முனை வயர்களைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, மறுபடி இறுக்குங்கள். பேட்டரிக்குள் அந்தத் தண்ணீர் போய்விடக் கூடாது. ஸ்டோரில் எலி இருந்தால் வயர்களைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குண்டு குழியில் நிற்கிறதா?

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது "பட்"டென்று நிற்கிறதா? இங்கேதான் அந்தக் காவலாளி வருகிறான்!

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அது அமுங்கும். கத்தி சுழலும்போது ஆள் எழுந்தால் இயந்திரத்தை அணைத்துவிடும். அந்தச் சுவிட்சின் வயர் தளர்ந்திருந்தால், முனையில் துரு ஏறியிருந்தால், அல்லது இருக்கையின் ஸ்பிரிங் விறைத்துப் போயிருந்தால், வண்டி குலுங்கும்போது "ஆள் எழுந்துவிட்டார்" என்று அது தவறாக நினைத்துக்கொள்ளும்.

மேலே மண்டோர் கேட்ட கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கலாம். நேற்று ஓட்டியவர் கனத்த உடம்புக்காரர். சுவிட்ச் நன்றாக அமுங்கியது. இன்று ஓட்டுகிற தம்பி மெலிந்தவர். குழியில் உடம்பு சற்றுத் தூக்கினாலே சுவிட்ச் விட்டுவிடுகிறது. தம்பி என்ன குற்றம் செய்தார்?

பின்னால் எடுக்கும்போது மட்டும் நிற்கிறதா? பல வண்டிகளில் கத்தி சுழலும்போது பின்னால் எடுத்தால் இயந்திரம் தானே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது பழுதே அல்ல. பின்னால் ஓடிவரும் குழந்தையை ஓட்டுகிறவர் பார்க்க முடியாது என்பதால் செய்த ஏற்பாடு.

காவலாளியைக் கட்டிப்போடாதீர்கள்!

"வயரை முறுக்கிவிடு" என்று சொன்னாரே ஒருவர், அவர் முறுக்கச் சொன்னது இந்தக் காவலாளியின் கழுத்தை! அப்படிச் செய்தால் வண்டி நிற்காதுதான். நீங்கள் சரிவில் தவறி விழுந்தாலும் நிற்காது. கத்தியில் சிக்கிய கிளையை எடுக்க இறங்கிக் கை நீட்டினாலும் நிற்காது.

அந்தக் கத்தியின் நுனி மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் போய்விடும். 1982ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், நடந்து தள்ளும் புல்வெட்டியில் கையை எடுத்த மூன்று விநாடிக்குள் கத்தி நிற்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் கையும் காலும் போன பிறகு வந்த விதியாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்யவேண்டியது எளிது. சாவியை எடுத்துவிட்டு இருக்கையைத் தூக்குங்கள். சுவிட்சின் இணைப்பைக் கழற்றித் துரு போகத் துடைத்து, மறுபடி அழுத்தமாக மாட்டுங்கள். அறுந்த வயரைச் சரியாக இணைக்கச் சொல்லுங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் புதுச் சுவிட்ச் போடவேண்டும். வண்டியில் உள்ள சாமான்களிலேயே விலை குறைந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதை மிச்சம் பிடித்து ஒரு கையை இழப்பது என்ன கணக்கு?

"முதலாளி மாற்றித் தரமாட்டேன் என்கிறார். அப்படியே ஓட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்கிறார். என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். பாதுகாப்பான இயந்திரம் தருவது முதலாளியின் கடமை என்கிறது அந்தச் சட்டம். பாதுகாப்புக்காக வைத்த கருவியை யாரும் வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பில்லை என்று புகார் சொன்ன ஒரே காரணத்துக்காகத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்காதபோது, அந்த வேலையிலிருந்து விலகி நிற்கவும் உரிமை உண்டு. தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கத்தின் மூலம் பேசுங்கள்.

வேலையில் காயம் பட்டால் சொக்சோ உதவும். ஆனால் போன விரலை எந்தச் சொக்சோவும் ஒட்டவைக்காது.

வீட்டிலுள்ள பெண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்பா வண்டியில் ஒரு சுற்று" என்று குழந்தை கேட்டால் மடியில் ஏற்றி அனுப்பாதீர்கள். இன்று ஆசைக்கு ஏறிய பிள்ளை, நாளை வண்டிச் சத்தம் கேட்டதும் பின்னாலேயே ஓடிவரும். புல் வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

வராமல் காக்கும் வழி

வாரம் ஒரு முறை காற்று வடிகட்டி, தகடு இடுக்கு, டாங்கி மூடி, பேட்டரி முனை ஆகிய நான்கையும் பாருங்கள். எண்ணெய் அளவைத் தினமும் பாருங்கள். எண்ணெயும் பிளக்கும் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அது கிராணியின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் சும்மா நிற்கப் போகிறது என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது கத்தி சுழன்றதா, மேடா பள்ளமா, முனகி நின்றதா அல்லது "பட்"டென்று நின்றதா என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லட்டும். பட்டறைக்காரரிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டினால், அவர் தேவையில்லாத சாமானை மாற்றிப் பணம் வாங்க மாட்டார். மண்டோரிடம் காட்டினால், பழியும் உங்கள் தலையில் விழாது.

வண்டி நின்றால் ஒரு நாள் வேலை கெடும். கத்தி நிற்காவிட்டால் ஒரு குடும்பமே கெடும். ஆகவே வண்டி நிற்கும்போது ஆத்திரப்படாதீர்கள். எப்போது நின்றது என்று கேளுங்கள். காலையில் வேலைக்குப் போன கைகள் இரண்டும் மாலையில் முழுசாக வீடு திரும்பவேண்டும். அதுதான் முக்கியம்.